ஒன்றரை ஏக்கரும் மூன்று தப்படியும்

மோட்டார் அறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். இருந்த ஒரே நாற்காலியில் சர்வேயர். அதன் நாலாவது காலுக்கு அடியில் ஒரு செங்கல். கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் அப்பா. உர மூட்டையின்மேல் அம்மா, செருப்பில் ஏறிய முள்ளை ஊக்கால் நோண்டிக்கொண்டு. மகள் உட்காரவில்லை, ஜன்னல் கட்டையை மேசையாக்கி, உதவித்தொகை விண்ணப்பத்தை அதில் விரித்துவைத்து, பேனா மூடியைக் கடித்தபடி நின்றாள். ஐந்தாவதாக நிலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது ஜன்னலுக்கு வெளியே படுத்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. பத்தரைக்கு அளந்து முடித்தபோது ஆறு ஏக்கர் இருந்தது.

சர்வேயர் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில், பதிவேட்டில் மட்டும் தண்ணீர் இருக்கும் குளங்கள் இரண்டையும், தேர்தல் சமயத்தில் மட்டும் ஊருக்குள் வந்துபோகும் சாலை ஒன்றையும் அவர் அளந்திருக்கிறார். "பத்திரத்துல ஒன்றரைன்னு இருக்கு," என்றார். "பத்திரம் எழுதினவன் சோம்பேறி சார், நாலு பக்கமும் நடந்து பாத்திருக்க மாட்டான்," என்றார் அப்பா. அம்மா ஊக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒன்றரையிலயே நின்னிருக்கும் சார்," என்றாள். அது உண்மைதான். சர்வேயர் சைக்கிளை விட்டு இறங்கியதும் அப்பா ஓடிப்போய்ச் சொன்ன முதல் வாக்கியம், "இதுதான் சார் நம்ம ஆறு ஏக்கர், பாத்தாலே தெரியும்," என்பது. அந்த வாக்கியம் முடியும்போது கிழக்கு வரப்பு கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தது.

இந்தப் பழக்கம் நிலத்துக்குக் கல்யாணத்திலிருந்து வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டபோது, அப்பா தன் இருபத்தாறு வயதின் முழு மூச்சையும் இழுத்து, "ஆறு ஏக்கர்," என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி மூன்றாம் நாள் அம்மா நிலத்தைப் பார்க்க வந்தாள். ஒன்றரை ஏக்கர் இருந்தது. இந்தக் கோடியில் நின்று தும்மினால் அந்தக் கோடியில் கேட்கும். "மிச்சம் எங்கே?" என்று கேட்டாள். "வரும்," என்றார் அப்பா. வந்துவிட்டது. புதுப்பெண்ணின் முன்னால் சொந்தக்காரன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் நிலம் மெதுவாக மூச்சை இழுத்து நாலு பக்கமும் விரிந்தது. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, இந்த வீட்டில் மனிதனும் மண்ணும் ஒரே ரகம் என்று அப்போதே முடிவு கட்டினாள்.

பக்கத்து நிலத்துக்காரர்கள் யாரும் ஒரு சாண் இழக்கவில்லை. அவர்கள் வரப்பு, கிணறு, சண்டை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. இது விரிவது உள்ளுக்குள்ளேயே; உள்ளே போனால்தான் தெரியும். அதைவிட முக்கியம், விரிந்த நிலத்தில் கூடுதலாக எதுவும் விளைந்ததில்லை. ஆயிரத்து இருநூறு வெண்டைச் செடி என்றால் ஆயிரத்து இருநூறுதான். செடிக்கும் செடிக்கும் நடுவே தூரம் மட்டும் கூடும். அப்பா டீக்கடையில் சாதாரணமாகப் பேசிய நாளில் அம்மா அரைமணி நேரத்தில் காய் பறித்துவிடுவாள். அவர் ஏதாவது விசேஷ வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போக அவளுக்குக் குடிதண்ணீர் வேண்டியிருந்தது. ஒரு சமயம் அவர் தன் சகலையிடம், அதாவது அம்மாவின் அக்கா புருஷனிடம், "ஆறு என்ன ஆறு, ஒழுங்கா அளந்தா எட்டு வரும்," என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று அம்மா சைக்கிளில் போய் வெண்டைக்காய் பறித்தாள். திரும்பி வந்து, "உங்க பெருமைக்கு என் முட்டி தேயுது," என்று சொன்னதோடு சரி. மூன்று நாள் பேசவில்லை. ஊரில் அவருக்கு ஆறேக்கர் என்றே பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

மகள் இந்த நிலத்தில் நடை பழகியவள். ஒரு நாள் பத்து அடியில் போய்ச் சேர்ந்த வரப்புக்கு மறுநாள் நூறு அடி தேவைப்பட்டதால், மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாகவே எண்ணக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். இடது பக்கம் அப்பா சொன்னது, வலது பக்கம் நிலம் இருந்த அளவு. அப்பா அவளைப் பற்றியும் அளந்துவிடுவதில் குறை வைக்கவில்லை. வகுப்பில் நாலாவதாக வந்தவளை மாவட்டத்திலேயே முதலாவது என்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் அவள் நாலாவதாகவே இருந்தாள். வீட்டில் வீங்காத பொருள் தான் ஒருத்திதான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும், அப்பா சொல்லுகிறபடி ஒருநாளாவது ஆகிப் பார்க்கக் கூடாதா என்று கொஞ்சம் ஏக்கமும் இருந்தது. மண்ணியல் படிக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்ததற்கு இந்த நிலத்தைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. படிக்க வைக்க வீட்டில் வழி இல்லை. அரசு உதவித்தொகை வந்தால் போகலாம், வராவிட்டால் அம்மாவோடு வெண்டைக்காய் பறிக்கலாம். விண்ணப்பம் எட்டுப் பக்கம். நிலம் அரை ஏக்கருக்குக் குறையாமலும் இரண்டு ஏக்கருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சர்வேயர், உரிமையாளர் வாயால் அளவைச் சொல்லக் கேட்டு, நேரில் அளந்து சான்று தர வேண்டும். நிலத்தின் உரிமையாளர் அளவைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மண்ணியலுக்கு விண்ணப்பிப்பவர்கள் குடும்ப நிலத்தின் மண்ணைத் தீப்பெட்டி அளவு இணைக்க வேண்டும். எல்லாம் பதிவுத் தபாலில், வெள்ளிக்கிழமைக்குள் குத்திய முத்திரையோடு வர வேண்டும். சர்வேயர் ஆறு ஏக்கர் என்று எழுதிக் கொடுத்தது திங்கட்கிழமை.

அன்று பிற்பகலே மகள் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மாள் கையில் சான்றை வாங்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "ஆறு ஏக்கர் வெச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிறியே, கூச்சமா இல்ல?" "ஆறு இல்ல மேடம், ஒன்றரைதான். அப்பா பேசினா வீங்கும்." எழுத்தர் அம்மாள் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், வீக்கத்துக்கு அதில் கட்டம் இல்லை. "கட்டம் இல்லாததுக்கு நான் என்ன பண்ணட்டும்? வத்த வெச்சுக் கொண்டா," என்றார். மகள் கிளம்பும்போது கூப்பிட்டு, "ரொம்ப வத்திடாம பாத்துக்கோ. அரைக்குக் கீழ போனா நிலமில்லாதவங்க கணக்குல வந்துடும். அவங்களுக்கு இருக்கறது தையல் பயிற்சி மட்டும்தான்," என்று சேர்த்துக்கொண்டார். நல்ல மனசுக்காரர்.

புதன்கிழமை இரண்டாவது அளவு. அதற்கு முன் அம்மா அப்பாவை உட்காரவைத்து, "இன்னைக்கு ஒரு நாளாவது இல்லாதவன் மாதிரி பேசுங்க. பொண்ணு வாழ்க்கை," என்று சொல்லியிருந்தாள். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. சர்வேயர் வந்ததும் வரப்பில் பொத்தென்று உட்கார்ந்து, தலையில் கைவைத்து, "எனக்குன்னு என்ன சார் இருக்கு? ஒரு புடி மண்ணு கூட இல்ல சார்! நான் ஒரு மனுசனா சார்?" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தபின் அவருக்கே சுவை தட்டிவிட்டது. பொய்யாக ஆரம்பித்த அழுகை நிஜமாகி, செத்துப்போன மாடு, ஓட்டை பம்பு, காதுகேட்காத அதிகாரிகள் என்று ஒவ்வொன்றாக வரவழைத்து அழுதார். நிலம் சுருங்கியது. முதலில் மெதுவாக, மாடு வந்ததும் வேகமாக. நடுவில் காய் பறித்துக்கொண்டிருந்த அம்மாவை நோக்கி ஆயிரத்து இருநூறு வெண்டைச் செடியும் நெருங்கி வந்தன. காலை நேரப் பேருந்தில் ஏறியவள் போல் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "நிறுத்தச் சொல்லுடீ அந்த மனுசனை!" என்று கத்தினாள். மகள் ஓடிப்போய் அப்பாவின் வாயைப் பொத்தினாள். சர்வேயர் அளவுச் சங்கிலியைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சிறிய நாடாவை எடுத்து அளந்தார். எட்டு அடிக்கு ஐந்து அடி. ஒரு பாய் விரிக்கலாம். அம்மாவை வெளியே இழுக்க மூன்று பேர் தேவைப்பட்டது.

"வெள்ளிக்கிழமை கடைசி. நாளைக்கு ஒரு தடவை வர்றேன், அவ்வளவுதான்," என்றார் சர்வேயர். "அழறதும் வேணாம், அளக்கறதும் வேணாம். நடுவுல ஏதாவது பேச வராதா உங்களுக்கு?" அப்பா மூக்கைச் சிந்தினார். அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். நடுவில் எதுவும் வரவில்லை.

மகள் அன்று மாலை ஆறு வருட நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டாள். ஆறு, ஏழு, ஆறேகால், எட்டு. ஒன்றுமில்லை, பிச்சைக்காரன், பிடி மண், மறுபடியும் ஆறு. அவள் சொன்னது எதற்கும் நிலம் அசைந்ததில்லை. முயன்று பார்த்து எழுதிவைத்திருந்தாள். அம்மா திட்டினால் மட்டும் ஒரு சாண் உள்வாங்கும், அதுவும் மரியாதைக்கு. அப்பா ஒருவர் சொன்னதைத்தான் அது காதில் வாங்கியது. இடது பக்கம் முழுவதையும் விரல் வைத்துப் படித்து முடித்தபோது, அதில் ஒரே ஒரு வாக்கியம் ஒரு தடவைகூட வரவில்லை என்பதைக் கண்டாள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பா, ஒன்றரைன்னு சொல்லுங்க." "எதை?" "நிலத்தை." அப்பா சிரித்தார். இது என்ன பெரிய விஷயம் என்றார். தொண்டையைச் செருமினார். "ஒன்..." என்றார். "ஒன்... ஒன்..." என்றார். தண்ணீர் கேட்டார். "ஒன்... ஆறு," என்றார். வெளியே நிலம் கிறீச்சென்று விரியும் சத்தம் கேட்டது. "விடுடீ," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "இருபது வருசமா என்கிட்டயே சொன்னதில்ல." அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "வாய்க்கு வரல பாப்பா. கைக்கு வருதான்னு பாக்கலாம், அந்தத் தாளைக் குடு," என்றார்.

கைக்கு வந்தது. உரிமையாளர் தன் கைப்பட எழுத வேண்டிய இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, 'எனது நிலத்தின் அளவு ஒன்றரை ஏக்கர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் நிலத்துக்குப் படிக்கத் தெரியாது. எனவே வியாழக்கிழமை காலை அதை அவர் வரப்பில் நின்று படிக்க வேண்டியதாயிற்று. சர்வேயர் ஒரு முனையில் சங்கிலியைப் பிடித்திருந்தார், மகள் மறுமுனையில். யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பவர் போல், ஏற்ற இறக்கம் இல்லாமல், தாளைத் தாண்டிக் கண்ணை நகர்த்தாமல் அப்பா படித்தார். கேட்க ஆள் அதிகம் இல்லாததால் ஒருமாதிரி படித்து முடித்துவிட்டார். நிலம் கொஞ்சநேரம் நம்பவில்லை. முன்னே போனது, பின்னே வந்தது, நாற்காலி கிடைக்காத விருந்தாளியைப் போலத் தடுமாறியது. பிறகு ஒரு பெருமூச்சுவிட்டு அமர்ந்தது. சர்வேயர் அளந்தார். ஒன்றரை ஏக்கரும், கிழக்குப் பக்கம் மூன்று தப்படியும் இருந்தன. "இந்த மூணு தப்படி?" என்று கேட்டார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இன்னும் மடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பதில் சொன்னாள். "இருக்கட்டும் சார். அது அவருக்கு." சர்வேயர் இருப்பதை இருக்கிறபடியே எழுதிக் கொடுத்தார். மகள் கிழக்குப் பக்கம் போய், அந்த மூன்று தப்படியிலிருந்தே மண்ணெடுத்துத் தீப்பெட்டியில் அடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மூவரும் தபால் நிலையத்தில் இருந்தார்கள். நாலு மணிக்குப் பை கட்டுவார்கள். வரிசையில் முன்னால் ஐந்தாறு பேர், பின்னால் பதினான்கு பேர். பின்னால் ஏழாவதாக, கையில் பார்சலோடு, சகலை நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியதை மகள் கவனித்தாள். ஆனால் அதற்குள் அப்பா வாயைத் திறந்துவிட்டார். "வாங்க சகலை! பொண்ணு மண்ணியல் படிக்கப் போறா. கல்லூரியே கையைப் பிடிச்சுக் கூப்பிடுது. நம்ம ஆறு ஏக்கர் மண்ணை ஆராய்ச்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்காங்க!" மகளின் கையில் இருந்த உறை துள்ளியது. உள்ளே தீப்பெட்டி 'பட்' என்று தெறித்துத் திறந்தது. ஒட்டிய மடிப்பு பிரிந்தது. அவள் அழுத்திப் பிடிக்கப் பிடிக்க உறை தலையணையாகி, மெத்தையாகும் உத்தேசத்தோடு வளர்ந்தது. அவள் முறை வந்தபோது அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கித் தராசில் வைக்க வேண்டியிருந்தது. முள் கடைசி எண்ணைத் தாண்டி, கீழே போய் நின்றுகொண்டது.

தபால் அலுவலர் அரக்குக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உறையைச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா உள்ள? உயிரோட ஏதாவது வெச்சிருக்கியா?" "மண்ணு சார்." "மண்ணு இப்படியா பண்ணும்?" "எங்க மண்ணு பண்ணும் சார்." "வாய் மூடாத உறைக்கு நான் அரக்கு வைக்க முடியாது. பத்து நிமிசம் இருக்கு. மூடிக் குடுத்தா எடுத்துக்கறேன்," என்றார், விதியைச் சொல்லுகிற குரலில். வரிசை முன்னே சாய்ந்து பார்த்தது. சகலை எல்லாரையும்விட அதிகமாகச் சாய்ந்தார்.

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. பதினான்கு பேர் முன்னால், அதிலும் இந்தச் சகலை முன்னால், அவரைக் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவோடு வெண்டைக்காய் பறிக்க இன்னொரு கூடை வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கினாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கட்டண அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்தார். அப்புறம் மகள் உறையைத் தன் நெஞ்சால் அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்தார். உதட்டை அசைத்தார்.

"உறைக்கே கேக்கல," என்றாள் அம்மா. அவள் குரலில் கேலி இல்லாததை மகள் முதல்முறையாகக் கவனித்தாள்.

"ஒன்றரை!" என்றார் அப்பா. தபால் நிலையம் முழுவதும் கேட்டது. தாள் இல்லை, கடிதம் படிக்கிற குரல் இல்லை. ஆறு என்று சொல்லும்போது இழுக்கிற அதே முழு மூச்சு. "ஒன்றரை ஏக்கர்தான் சகலை. கல்யாணத்தன்னைக்கும் ஒன்றரை, இன்னைக்கும் ஒன்றரை. பொண்ணு வகுப்புல நாலாவது. நல்லாப் படிக்கிற நாலாவது."

உறை இறங்கியது. மெத்தையிலிருந்து தலையணை, தலையணையிலிருந்து ரொட்டி, ரொட்டியிலிருந்து எட்டுப் பக்கமும் ஒரு தீப்பெட்டியும். தராசு முள் மேலேறித் தன் வேலையைப் பார்த்தது. சகலை, இத்தனை வருடமாகத் தன் மாடி வீட்டைப் பற்றிப் பேசிவந்தவர், முன்னெச்சரிக்கையாகத் தன் பார்சலைத் தூக்கிக்கொண்டு வரிசையைவிட்டு நாலு அடி தள்ளி நின்றார். மகள் பசை தடவி மடிப்பை ஒட்டினாள். ஒரு மூலை மட்டும், நகக்கண் அளவு, கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. தபால் அலுவலர் அதைச் சுட்டிக்காட்டினார்.

"அது இருக்கட்டும் சார்," என்றாள் மகள். "மூணு தப்படி."

அவர் தலையாட்டி, ரசீதில் பொருள் என்ற இடத்தில் 'மண்' என்றும் அதற்குக் கீழே 'அடங்கியது' என்றும் எழுதினார். அரக்கை உருக்கி அந்த மூலையின்மேல் ஒரு சொட்டு விட்டு, முத்திரையைக் குத்தி, மூன்று ஐம்பத்தெட்டுக்கு உறையைப் பைக்குள் போட்டார். பையின் கழுத்தைக் கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பியது. "அடுத்தது யாரு?" என்றார் தபால் அலுவலர்.